பாங்காக்: இடம் மாறிய கடைகளின் நகரம்

பாங்காக் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மலிவு விலைத் துணிமணிகளும் பெரிய பெரிய ஷாப்பிங் மால்களும்தான். ஆனால் அந்தக் கடைவீதிகளுக்குப் பின்னால் 240 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நகரத்துக்கு இடம் தேவைப்படும்போதெல்லாம், எழுந்து போகச் சொல்லப்படுபவர்கள் வியாபாரிகள்தான்!

நகரம் பிறந்த கதை

தாய்லாந்தின் பழைய தலைநகரம் அயுத்தயா. 1767-ல் பர்மியப் படை அதை அழித்தது. பிறகு தக்சின் மன்னர், சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தோன்புரியிலிருந்து ஆண்டார். 1782-ல் அரியணை ஏறிய முதலாம் ராமா மன்னர் தலைநகரை எதிர்க்கரைக்கு மாற்றினார். அந்த நகரத்தைத் தாய் மக்கள் இன்றும் 'க்ருங் தேப்' என்றே அழைக்கிறார்கள். தேவர்களின் நகரம் என்று பொருள்.

அரண்மனைக்குத் தேர்ந்தெடுத்த இடம் காலி நிலம் அல்ல. அங்கே சீன வணிகர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் நகர மதிலுக்கு வெளியே, ஆற்றோரமாக உள்ள சாம்பெங் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட அந்தப் பகுதிதான் பிற்காலத்தில் நகரத்தின் வணிக மையமாக வளர்ந்தது. 1855-ல் பிரிட்டனுடன் ஏற்பட்ட பௌரிங் ஒப்பந்தம் இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்து, அரிசி ஏற்றுமதிக்கும் வழி திறந்தது. கால்வாய்களில் படகு ஓடிய ஊருக்கு 1864-ல் சரோன் க்ருங் சாலை வந்தது. இன்று சாம்பெங் சந்தில் மொத்த விலைக் கடைகள். பக்கத்து யாவராத் சாலையில் வரிசையாக நகைக்கடைகள்.

நம் ஊர் வாசனை

தமிழர்களுக்கு ஆச்சரியம் தரும் ஒன்றும் இங்கே உண்டு. வாட் சுதாத் கோயில் முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு மாபெரும் ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. முதன்முதலில் 1784-ல் அமைத்தார்கள். 1920-ல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது. ஆம், ஊஞ்சலும் இடம் மாறியதுதான்! அரசவைப் பிராமணர்கள் நடத்திய அந்த ஊஞ்சல் விழாவின் பெயர் 'திரியம்பாவாய்'. நமது திருவெம்பாவைதான் அப்படி மருவியது. ஆட்களை ஏற்றி ஊஞ்சல் ஆட்டுவது 1930-களில் நின்றுவிட்டது.

சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய் மக்களும் அங்கே வந்து வழிபடுகிறார்கள். துணி வாங்க வேண்டுமானால் பாஹுரத் போக வேண்டும். பஞ்சாபி வணிகர்கள் வளர்த்த ஜவுளிச் சந்தை அது.

மறுபடியும் ஒரு இடமாற்றம்

அரண்மனைக்கு அருகே சனாம் லுவாங் என்ற திடல் உள்ளது. வார இறுதிச் சந்தை பல ஆண்டுகள் அங்கேதான் கூடியது. 1982-ல் நகரத்தின் 200-ஆவது ஆண்டு விழா வந்தது. திடல் தேவைப்பட்டதால் சந்தை வடக்கே, ரயில்வே நிலத்துக்குப் போனது. அதுதான் இன்று உலகமே அறிந்த சதுசக் சந்தை. ஆயிரக்கணக்கான கடைகள்! செடி, பீங்கான், பழைய புத்தகம், சட்டை என்று எல்லாம் கிடைக்கும். 1999-ல் தொடங்கிய மேம்பால ரயிலில் மோ சிட் நிலையம் வரை போய் இறங்கினால் போதும். 'தாவ் ராய்' (எவ்வளவு) என்று கேட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு பேரம் பேசலாம். சியாம் பாராகன் (2005) போன்ற மால்களில் பிராண்டுக் கடைகள் இருக்கும். அங்கே பேரமெல்லாம் எடுபடாது.

எல்லோருக்கும் சதுசக் கிடைக்குமா?

1782-லும் சரி, 1982-லும் சரி, அனுப்பப்பட்டவர்கள் கூட்டமாகப் போனார்கள். போன இடத்தில் சந்தையும் கூடவே வளர்ந்தது. ஆனால் 2016-ல் பாக் க்ளோங் பூச்சந்தையின் நடைபாதைக் கடைகளை நகர நிர்வாகம் அகற்றியபோது நிலைமை வேறு. நடப்பவர்களுக்கு வழி வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் நடைபாதையில் பூ விற்பவருக்கு முதலே அந்த இடம்தான். அருகிலுள்ள சந்தைக் கட்டடத்துக்குள் போனால் வாடகை உண்டு. தனியாக வேறு ஊர்ப்பக்கம் போனால் பழைய வாடிக்கை கிடைக்காது.

கடையை மாற்றுவது சுலபம், வாடிக்கையாளரை மாற்றுவதுதான் கஷ்டம். சாம்பெங்கும் சதுசக்கும் பிழைத்ததற்குக் காரணம், முழுச் சந்தைக்கும் ஒரே இடம் கிடைத்ததுதான். நடைபாதைகளைச் சுத்தம் செய்யும் எந்த நகரமும், நம் நகரங்கள் உட்பட, பாங்காக்கிடமிருந்து இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் பாங்காக் போனால் மால்களோடு நின்றுவிடாதீர்கள் நண்பர்களே. ஒரு காலைப் பொழுதில் சாம்பெங் சந்திலும் நடந்து பாருங்கள்!