டி.பி கிருமியின் கரண்ட்டை கட் பண்ணின மாத்திரை

இன்னைக்கு ஓ.பி-ல ஒரு அண்ணன் கேட்டார்: "டாக்டர், இருமல் ஒரே மாசத்துல நின்னுடுச்சு. இன்னும் எதுக்கு மாத்திரை?"

அவருக்குச் சொன்ன பதிலோட முழு வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

1/ நம்ம செல்லோ, கிருமியோ, எந்த வேலை செய்யவும் செலவழிக்கிற காசு ஏ.டி.பி என்ற மூலக்கூறு. அதைத் தயாரிக்கும் நொதி ஏ.டி.பி சிந்தேஸ்.

அணைத் தண்ணி டர்பைனைச் சுத்துற மாதிரி, சவ்வுக்கு ஒரு பக்கம் தேங்கிய புரோட்டான்கள் இதன் வழியா பாயும்போது நொதியின் ஒரு பகுதி நிஜமாவே சுத்தும். இதை விளக்கிய பால் போயர், ஜான் வாக்கர் இருவருக்கும் 1997 வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைச்சது.

2/ டி.பி கிருமியை ராபர்ட் காக் அறிவிச்சது 1882 மார்ச் 24. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952ல் ஐசோனியாசிட், 1960களில் ரிஃபாம்பிசின் வந்தன. அதுக்கப்புறம் சுமார் 40 வருஷம் டி.பி-க்குன்னு புது வகை மருந்தே வரல.

இந்த இடைவெளியில் கிருமி மருந்துகளுக்குப் பழகிடுச்சு. அந்த எம்.டி.ஆர் டி.பி-க்கு 2 வருஷம் சிகிச்சை, மாசக்கணக்கில் ஊசி. அந்த ஊசியால காது கேட்காம போனவங்க நிறைய பேர்.

3/ பெல்ஜியத்தில் ஜான்சென் ஆய்வகத்தில் கோன் ஆண்ட்ரிஸ் குழு வேற வழியில் போச்சு. டி.பி கிருமி மெதுவா வளரும், ஆபத்தும் கூட. அதனால அதோட வேகமா வளரும் சொந்தக்காரக் கிருமி மேல ஆயிரக்கணக்கான ரசாயனங்களைப் போட்டுப் பார்த்தாங்க. ஒண்ணு வேலை செஞ்சது. ஆனா எப்படின்னு புரியல.

அதுக்குத் தப்பிப் பிழைச்ச கிருமிகளின் மரபணுவைப் படிச்சாங்க. மாற்றம் இருந்த இடம் ஏ.டி.பி சிந்தேஸின் சுழலும் பகுதி! மருந்து அந்தச் சக்கரத்தில் ஆப்பு மாதிரி சொருகிக்குது. 2005ல் ஆய்வு வெளியானது. அதுதான் பெடாகுவிலின்.

4/ "அதே நொதி நமக்கும் இருக்கே?" நல்ல கேள்வி. நம்ம நொதியின் அமைப்பு வேற. அதைத் தடுக்க பல ஆயிரம் மடங்கு அதிக மருந்து வேணும். ஆனா இதயத் துடிப்பைப் பாதிக்கலாம், அதான் அடிக்கடி இ.சி.ஜி. எடுக்கிறோம்.

5/ பெரிய லாபம் என்னன்னா, ஐசோனியாசிட் செல்சுவர் கட்டுவதைத் தடுக்கும். வளராம தூங்குற கிருமி சுவரே கட்டாது, தப்பிச்சிடும். ஆனா தூங்குற கிருமிக்கும் உயிரோட இருக்க கொஞ்சம் ஏ.டி.பி வேணுமே!

6/ 2012 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. 2016ல் இந்தியாவில் வெறும் 6 மையங்களில் ஆரம்பம். பாட்னாவைச் சேர்ந்த 18 வயசுப் பெண் டெல்லி உயர்நீதிமன்றம் போய்த்தான் 2017ல் இந்த மாத்திரையைப் பெற முடிஞ்சது. ரொம்ப தாமதம். 2018ல் இறந்துட்டார்.

டி.பி சிகிச்சையில் செவித்திறன் இழந்த நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும் காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்தாங்க. 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அதை நிராகரிச்சது.

7/ 2024ல் பெடாகுவிலின் உட்பட 4 மருந்துகள் சேர்ந்த 6 மாச சிகிச்சைக்கு நம்ம அரசு அனுமதி தந்தது. ஊசியே இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

8/ இப்போ அந்த அண்ணனுக்குப் பதில். அவருக்கு வந்தது சாதாரண டி.பி. இருமல் நின்னது, வேகமா வளரும் கிருமிகள் செத்ததால. தூங்குறது இன்னும் உள்ளே இருக்கு. இப்ப நிறுத்தினா அது முழிக்கும், மருந்துக்கு அடங்காததா மாறவும் வாய்ப்பு உண்டு.

பெடாகுவிலினுக்கே அடங்காத கிருமிகள் வந்தாச்சு. அடுத்த மருந்துக்கு இன்னொரு 40 வருஷம் காத்திருக்க முடியாது.

2 வாரத்துக்கு மேல இருமலா? சளிப் பரிசோதனை பண்ணுங்க. மாத்திரை ஆரம்பிச்சாச்சா? கடைசி மாத்திரை வரை முடிங்க.

அண்ணன் மாத்திரை அட்டையை வாங்கிட்டுத்தான் போனார்.