கூடாரம் அடித்தவர்கள்

'டம்போ' என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரே காட்சிதான். கூண்டு வண்டியில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருக்கும் தாய் யானை, கம்பிகளுக்கு வெளியே தும்பிக்கையை மட்டும் நீட்டி, குட்டியைத் தூக்கித் தாலாட்டும். முகம்கூட முழுசாகத் தெரியாது. அந்த இடத்தில் அழாதவர்கள் குறைவு. குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டலாமா வேண்டாமா என்று பெற்றோர்கள் யோசிப்பதும் பெரும்பாலும் இந்தக் காட்சியை வைத்துத்தான். அதற்கடுத்து, குட்டி யானை தெரியாமல் சாராயம் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு இளஞ்சிவப்பு யானைகளைக் கனவு காண்கிற பகுதி.

எனக்கு இந்த இரண்டுமே பெரிய உறுத்தலாக இல்லை. சோகமும் பயமும் குழந்தைக் கதைகளில் எப்போதும் இருப்பதுதான். என்னை உறுத்துவது படத்தின் முதல் பாதியில் வருகிற, யாரும் அதிகம் பேசாத ஒரு காட்சி. சர்க்கஸ் ரயில் ஒரு ஊருக்கு ராத்திரியில் வந்து சேர்கிறது. கொட்டுகிற மழை. ரயிலிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள். எல்லோரும் கறுப்பின ஆண்கள். யானைகளோடு சேர்ந்து கம்பம் நட்டு, முளை அடித்து, கயிறு இழுத்துக் கூடாரத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். பாடிக்கொண்டே வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட முகம் கிடையாது. கண், மூக்கு, வாய் எதுவும் வரையப்படவில்லை. இதே படத்தில் ரயில் எஞ்சினுக்கு முகம் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது!

அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று கவனித்தால் இன்னும் சங்கடமாக இருக்கும். நாங்கள் எழுதப் படிக்கக் கற்காதவர்கள், சந்தோஷமாக உழைப்பவர்கள், கூலி கைக்கு வந்தால் அதை வீசி எறிந்துவிடுபவர்கள் என்று அந்தத் தொழிலாளிகள் தங்களைப் பற்றித் தாங்களே பாடுவதாக எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் இதைக் கேட்டுக்கொண்டே கூடாரம் எழும்புகிற அழகை ரசிப்பார்கள். அழகாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. மழையும் இருட்டும் மின்னலும் சேர்ந்து அந்த ஸ்டூடியோ வரைந்த மிக நல்ல காட்சிகளில் ஒன்று அது.

நிஜ சர்க்கஸ் கூலியாட்கள் கூலியை வீசி எறிந்தார்களா? படம் வருவதற்கு மூன்று வருடம் முன்னால், 1938 ஜூனில், அமெரிக்காவின் மிகப் பெரிய சர்க்கஸான ரிங்லிங் பிரதர்ஸ், சம்பளத்தில் கால்வாசியை வெட்டப்போவதாகச் சொன்னது. பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் என்ற ஊரில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கஸ் மேற்கொண்டு நகர முடியாமல், ஃபுளோரிடாவில் சரசோட்டா என்ற ஊரிலிருந்த தன் குளிர்கால முகாமுக்கே திரும்பிப் போனது. 'டம்போ' படம் தொடங்குவதும் ஃபுளோரிடாவில், ஒரு சர்க்கஸின் குளிர்கால முகாமில்தான். சர்க்கஸ்காரர்கள் காசுக்காகச் சண்டை போடுபவர்கள் என்பது அப்போது பேப்பர் படித்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இப்போது ஸ்டூடியோவுக்கு வருவோம். விஷயம் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

1937 டிசம்பரில் வெளியான 'ஸ்னோ வொயிட்' டிஸ்னிக்குக் கொட்டிக் கொடுத்தது. அந்தப் பணத்தில் பர்பாங்கில் புது ஸ்டூடியோ கட்டினார்கள். 1940ல் 'பினோக்கியோ', 'ஃபேன்டேசியா' என்று இரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் இருபது லட்சம் டாலருக்கு மேல் செலவு. அதற்குள் ஐரோப்பாவில் போர் வந்து அங்கேயிருந்த சந்தை மூடிக்கொண்டது. இரண்டும் நஷ்டம். எனவே அடுத்ததாகச் சீக்கிரமாக, சிக்கனமாக ஒரு படம் செய்தாக வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் 'டம்போ'. மொத்தம் 64 நிமிடம். பின்னணிகளுக்கு எண்ணெய் வண்ணம் கிடையாது, லேசான நீர்வண்ணம். செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டவில்லை.

பணம் சுருங்கினால் முதலில் கசப்பு வருவது கீழ்த்தட்டில். டிஸ்னி ஸ்டூடியோவில் சம்பள ஏற்றத்தாழ்வு பயங்கரம். மேலே ஒரு சில நட்சத்திர அனிமேட்டர்கள், கீழே உதவியாளர்கள், அதற்கும் கீழே, கோடுகளை செல்லுலாய்டில் மையால் எடுத்து வண்ணம் தீட்டிய பெண்கள். 'ஸ்னோ வொயிட்'டுக்காக ராப்பகலாக உழைத்தோம், அதற்கான பங்கு கைக்கு வரவில்லை என்ற புகார் பல வருடமாகப் புகைந்துகொண்டிருந்தது. திரையில் பெயர் போடுவதிலும் தகராறு.

ஆர்ட் பாபிட் என்றொரு அனிமேட்டர். 'ஸ்னோ வொயிட்'டில் சூனியக்கார ராணி, 'ஃபேன்டேசியா'வில் ஆடும் காளான்கள் எல்லாம் அவர் கை. சம்பளத்தில் மேல்தட்டு ஆள். அவருக்குத் தனிப்பட்ட குறை எதுவும் இல்லை. நிர்வாகத்துக்கு வசதியான உள்சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், அதை விட்டுவிட்டு வெளியே இருந்த கார்ட்டூனிஸ்ட் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். 1941 மே மாதக் கடைசியில் அவரையும் இன்னும் சிலரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். மே 29 அன்று நூற்றுக்கணக்கானவர்கள் ஸ்டூடியோ வாசலில் நின்றுவிட்டார்கள். தாங்கள் வரைந்த பாத்திரங்களையே அட்டைகளில் வரைந்து ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் நின்றவர்களில் ஒருவர் பில் டைட்லா. 'ஃபேன்டேசியா'வில் மலை உச்சியிலிருந்து சிறகு விரிக்கும் அந்தச் சாத்தானை வரைந்தவர். டம்போவை வரைந்தவரும் அவர்தான். தன் பச்சைக் குழந்தையைப் பார்த்துப் பார்த்து அந்தக் குட்டி யானையின் அசைவுகளைப் பிடித்தார். ஊரை அழவைத்த மனிதர் சம்பளத்தோடு வீட்டிலிருந்திருக்கலாம். கூட வேலை செய்தவர்களுக்காக வெளியே வந்தார்.

இந்தப் பின்னணியோடு கோமாளிகள் காட்சியைப் பாருங்கள். டம்போவை எரிகிற வீட்டின் உச்சியிலிருந்து குதிக்கவைத்து சிரிப்பு வாங்கியாயிற்று. இரவு, கூடாரத்துக்குள் கோமாளிகள் குடித்துக் கொண்டாடுகிறார்கள். துணியில் விழும் நிழல்களாகத்தான் அவர்களைக் காட்டுகிறார்கள், இவர்களுக்கும் முகமில்லை. இந்த உயரத்துக்கே இப்படிச் சிரிக்கிறார்களே, மேடையை இன்னும் உயர்த்தினால்? இன்னும்? ஒருவன் குட்டிக்கு அடிபடும் என்கிறான். யானைக்கு ஏது உணர்ச்சி, அது ரப்பர் என்று இன்னொருவன் பதில் சொல்கிறான். அதே மூச்சில், வாங்கடா முதலாளியிடம் போய் சம்பள உயர்வு கேட்கலாம் என்று எல்லோரும் கிளம்புகிறார்கள்.

வேலைநிறுத்தக்காரர்களைக் கேலி செய்யவே இந்தக் காட்சி வைக்கப்பட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கும்போது படத்தில் பெரும்பகுதி முடிந்துவிட்டிருந்தது, எனவே நேரடிப் பழிவாங்கல் என்று அடித்துச் சொல்வது கொஞ்சம் ஓவர் என்பது என் எண்ணம். ஆனால் சங்கப் பேச்சு அதற்கும் முன்பிருந்தே ஸ்டூடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் ஒருவர் உட்கார்ந்து, குழந்தையைக் கொல்லத் துணிகிற குடிகாரர்களின் வாயில் சம்பள உயர்வுக் கோரிக்கையை வைத்திருக்கிறார். திட்டமிட்டாரோ இல்லையோ, படம் பார்க்கிற குழந்தைக்குப் போய்ச் சேருவது ஒன்றுதான். கூலியை வீசி எறிந்துவிட்டுப் பாடுபவன் நல்லவன், கூடுதலாகக் கேட்பவன் கெட்டவன்.

காகங்களைப் பற்றிச் சொல்லாமல் 'டம்போ'வைப் பற்றி எழுத முடியாது. இணையத்தில் இந்தப் படத்தைப் பற்றி நடக்கும் சண்டையில் முக்கால்வாசி அவற்றைப் பற்றித்தான். நமக்குக் காக்கா என்றால் பாட்டி சுட்ட வடை. அதனால் நம் ஊரில் பார்ப்பவர்களுக்கு அதில் ஒன்றும் தோன்றாது. அமெரிக்கக் காது அந்த உச்சரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் இது கறுப்பர்களைப் பற்றிய கேலிச்சித்திரம் என்று புரிந்துகொள்ளும். படத் தயாரிப்புக் காகிதங்களில் தலைமைக் காகத்தின் பெயர் ஜிம் க்ரோ. படத்துக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 1830களில் ஒரு வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய கோமாளி வேடத்தின் பெயர் அது. பிறகு தென்மாநிலங்களில் கறுப்பர்களைத் தனிப் பெட்டியிலும் தனிப் பள்ளியிலும் ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1941ல் அந்தச் சட்டங்கள் அமலில் இருந்தன. தலைமைக் காகத்துக்குக் குரல் கொடுத்தவர் க்ளிஃப் எட்வர்ட்ஸ் என்ற வெள்ளையர். 'பினோக்கியோ'வில் ஜிமினி என்ற சில்வண்டுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. கூடப் பேசியும் பாடியும் இருக்கும் மற்ற காகங்கள் ஹால் ஜான்சன் குழுவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர்கள்.

1968லேயே விமர்சகர் ரிச்சர்ட் ஷிக்கல் இதைக் கண்டித்து எழுதிவிட்டார். இன்னொரு பக்கம், டிஸ்னியின் முதல் கறுப்பின அனிமேட்டராக அறியப்படும் ஃப்ளாய்ட் நார்மன் காகங்களுக்காக வாதாடியிருக்கிறார். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படத்தில் டம்போவின் கதையைக் கேட்டு இரங்குகிற வெளியாட்கள் அந்தக் காகங்கள் மட்டுமே. மற்ற யானைகள் முதுகைக் காட்டி நிற்கின்றன. காகங்கள் முதலில் சிரிக்கின்றன, பிறகு வெட்கப்படுகின்றன, பிறகு ஒரு இறகைக் கொடுத்துப் பறக்க வைக்கின்றன. அவற்றுக்கு முகம் இருக்கிறது, புத்தி இருக்கிறது, சாமர்த்தியம் இருக்கிறது. அதனால்தான் எனக்குக் காகங்களைவிடக் கூடாரம் அடித்தவர்கள் பெரிய பிரச்சினையாகப் படுகிறார்கள். அவர்களுக்காக வாதாட ஒரு நார்மன்கூட வரவில்லை.

நிறுவனம் செய்தது என்ன? 'ஃபேன்டேசியா'வில் வெள்ளைக் குதிரைப்பெண்ணின் குளம்புக்கு மெருகு போடும் கறுப்புச் சிறுமியை 1960களின் மறுவெளியீட்டில் சத்தமில்லாமல் வெட்டி எடுத்தார்கள். 'டம்போ'வை வெட்டவில்லை. 2019ல் டிஸ்னி பிளஸ் வந்தபோது ஒரு வரி எச்சரிக்கை, 2020ல் அது நீளமாகி, 2021ல் குழந்தைகளுக்கான பக்கத்திலிருந்து படத்தையே எடுத்துவிட்டார்கள். 2019ல் டிம் பர்ட்டன் எடுத்த புதுப் படத்தில் காகங்களே இல்லை.

வேலைநிறுத்தம் கோடை முழுக்க இழுத்தது. இது கம்யூனிஸ்டுகள் தூண்டிவிட்டது என்று வால்ட் டிஸ்னி ஜூலையில் பத்திரிகை விளம்பரமே கொடுத்தார். ஆகஸ்டில் அரசாங்கத்தின் நல்லெண்ணப் பயணமாகத் தென்னமெரிக்கா போய்விட்டார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அரசு மத்தியஸ்தர்கள் சங்கத்துக்குச் சாதகமாக முடித்துவைத்தார்கள். சம்பளம் உயர்ந்தது. ஆனால் அந்தச் சூடு தணியவில்லை. 1947 அக்டோபரில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, பழைய ஊழியர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கம்யூனிஸ்ட் என்று வால்ட் சாட்சி சொன்னார். டைட்லா 1943ல் ஸ்டூடியோவை விட்டுப் போனார்.

படம் 1941 அக்டோபர் 23 அன்று வெளியாகி லாபம் சம்பாதித்தது. டிசம்பரில் டைம் பத்திரிகை டம்போவை அட்டையில் போடுவதாக இருந்தது. பேர்ல் ஹார்பர் குண்டுவீச்சில் அது நின்றுபோனது.

கடைசிக் காட்சியில் பேப்பர் தலைப்புகள் ஓடுகின்றன. டம்போவின் காதுகளுக்குப் பத்து லட்சம் டாலர் இன்ஷூரன்ஸ். டம்போ வடிவத்தில் குண்டுவீச்சு விமானங்கள். மேனேஜர் எலிக்கு ஹாலிவுட் ஒப்பந்தம். தாய் யானைக்குத் தனிப் பெட்டி. கேலி செய்த யானைகளும் ரயிலில் பாடிக்கொண்டு போகின்றன. காகங்கள் மட்டும் ஏறவில்லை. வெளியே நின்று கையசைக்கின்றன. ஒரு காகம் டம்போவின் கையெழுத்தை வாங்கி வைத்திருக்கிறது. ரயில் போய்ச் சேரும் அடுத்த ஊரில் கூடாரம் அடிக்கப்போகிறவர்கள் எந்தப் பெட்டியில் இருக்கிறார்கள் என்று படம் காட்டுவதில்லை. அந்த மழை ராத்திரிக்குப் பிறகு அவர்கள் திரையில் வரவே இல்லை.