ஹேண்டில் ஓட்டை

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. பெட்ரோல் வண்டி. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கிப் போட்டார். மறுபடியும் அதே 'டக்'.

பக்கத்துத் தெருவில் இருக்கும் முன்னாள் டாக்ஸி டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "ஹேண்டில் இருக்கா தம்பி?" என்றார். டிக்கியில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். காரின் முகப்பில் கீழே இருக்கும் ஓட்டையில் அதைச் செருகி இரண்டே சுற்று. வண்டி கிளம்பிவிட்டது!

அந்த ஓட்டை எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. தேடிப் படித்தபோது, கார் வரலாற்றில் பாதி அந்த ஓட்டை வழியாகவே தெரிந்தது.

முதலில் அடிப்படை. பெட்ரோல் இன்ஜின் கிளம்ப மூன்று விஷயம் வேண்டும். யாராவது அதை முதலில் சுற்றிவிட வேண்டும், சரியான நேரத்தில் தீப்பொறி வர வேண்டும், காற்றோடு கலந்து பெட்ரோல் வர வேண்டும். கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்கும் இதே கதைதான். பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் அதைக் கிளப்ப வேண்டும்.

1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு அந்த வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் இதுதான். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தீப்பொறிக்கான ஒயர் பழுதானது. காலுறைப் பட்டியைச் சுற்றி அதைக் காப்பிட்டார். எரிபொருள் ஒன்று, கரன்ட் ஒன்று. இன்றைக்கும் மெக்கானிக் பார்ப்பது இதே இரண்டைத்தானே!

பிறகு வந்த கார்களுக்கு முன்பக்கம் கைப்பிடி வந்தது. 1908-ல் வெளிவந்த ஃபோர்ட் மாடல் டி-யையும் அப்படித்தான் சுற்ற வேண்டும். ஆனால் அதற்கு பேட்டரி தேவையில்லை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கிளம்பவில்லை என்றால் பேட்டரியைத் திட்ட வழியே கிடையாது.

ஆபத்தும் இருந்தது. தீப்பொறி முன்கூட்டியே வந்துவிட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கைப்பிடி மணிக்கட்டை உடைக்கும். இப்படி வரும் எலும்பு முறிவுக்கு டாக்டர்கள் 'டிரைவர் முறிவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடி என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

இதற்கு முடிவுகட்டியவர் அமெரிக்காவின் டேடன் நகரத்து சார்லஸ் கெட்டரிங். காமர்ஸ் படிக்கும் எனக்கு இவரைப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முன்பு அவர் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் செய்தவர்! இன்ஜினைச் சுற்ற மிகப்பெரிய மோட்டார் வேண்டும், காரில் அது அடங்காது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கல்லாப்பெட்டியில் அவர் கண்டது வேறு. சில வினாடிகள் மட்டும் வேலை செய்ய வேண்டுமென்றால், சின்ன மோட்டாரே அளவுக்கு மீறி உழைக்கும். 1911-ல் செய்து காட்டினார்; 1912 மாடல் கேடிலாக்கில் அது வந்தது. ஃபோர்ட் 1919-ல்தான் மாடல் டி-க்கு மின் ஸ்டார்ட்டர் கொடுக்கத் தொடங்கியது.

கெட்டரிங் ஸ்டார்ட்டர், விளக்கு, தீப்பொறி மூன்றையும் ஒரே மின் அமைப்பில் கட்டினார். வசதிதான், ஆனால் குழப்பமும் அங்கேதான் ஆரம்பம். கார் கிளம்பவில்லை என்றால் எது கெட்டது என்று உடனே தெரியாது. மின் ஸ்டார்ட்டர் வந்த பிறகும் பல வருஷங்கள் கைப்பிடியையும் ஓட்டையையும் விட்டுவைத்தார்கள். 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து உருவான அம்பாசடருக்கும் அது அப்படி வந்ததுதான்.

இப்போது டாக்ஸி டிரைவர் செய்தது புரிகிறதா? ஹேண்டிலில் கிளம்பினால் தீப்பொறியும் பெட்ரோலும் சரி, கோளாறு பேட்டரி, ஒயர், செல்ஃப் மோட்டார் பக்கம். ஹேண்டிலிலும் கிளம்பவில்லை என்றால் பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் என்று போக வேண்டும். ஒரே சோதனையில் பாதி சந்தேகம் காலி.

எங்கள் வண்டியில் குற்றவாளி எர்த் ஒயர். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் அந்தப் பட்டை, போல்ட் இருக்கும் இடத்தில் துருப்பிடித்திருந்தது. தீப்பொறிக்குச் சில ஆம்பியர் போதும், அது எப்படியோ கடந்துவிடும். செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், அது துருவில் நின்றுவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து போல்ட்டை இறுக்கினார். முதல் திருப்பிலேயே செல்ஃப் எடுத்தது. செலவு: உப்புத்தாள் ஒன்று, டீ இரண்டு.

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. இன்றைய கார்களில் அந்த ஓட்டை கிடையாது. கருவியைச் செருகினால் கோளாறு எண் வருகிறது. ஆனால் எண்ணைப் பார்த்ததும் பாகத்தை மாற்றுகிறவர்களுக்கும், 'டக்' சத்தம் கேட்டதும் பேட்டரி வாங்கிய எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த பேட்டரி பில்லைப் பெரியப்பா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். எந்தக் கணக்கில் எழுதுவது என்று என்னைத்தான் கேட்கிறார்!