மூன்றாண்டுக் கணக்கு

கடல் கடந்த தமிழன் என்றதும் நம் மேடைகள் சோழர் கப்பற்படையை அழைத்து வந்துவிடுகின்றன. படையேதுமின்றிப் பேரேட்டோடு கடல் கடந்த குடும்பங்களை எவர் நினைக்கின்றார்? செட்டிநாட்டு நகரத்தாரைத்தான் கூறுகின்றோம்.

1852-இல் கீழ்ப்பர்மா வெள்ளையர் கைப்பட்டது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்புக்காடு நெல்வயலாயிற்று. காடு திருத்த உழவனுக்குப் பணம் வேண்டும். ஆங்கில வங்கியோ அவனை ஏறெடுத்தும் பார்க்காது. அந்த இடைவெளியில் நுழைந்தது வட்டிக்கடை. 1930 அளவில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன என்றது வங்கி விசாரணைக் குழு.

வீட்டுத் தொழில் இவ்வளவு தொலைவு நீண்டது எங்ஙனம்? முதலில் தாமே சென்றோர் பலர். தொழில் பெருகியபின் முதலாளி ஊரில் தங்க, முகவன் கப்பலேறினான். 'மேலாள்' என்பது அவர்கள் வழக்கு. மூன்றாண்டுத் தவணை, சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், முடிவில் இலாபத்தில் ஒரு பங்கு. அவனுக்குக் கீழே அடுத்தாள். அவனுக்கும் கீழே பெட்டியடிப் பையன். வகுப்பறையில் கணக்குச் சொல்லித்தரும் நமக்கு இப்பையனை எண்ணுந்தோறும் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. முந்திரி, மாகாணி என்று கீழ்வாயிலக்கத்தை மனத்தாலேயே பெருக்குவான், ஐந்தொகை போடுவான். மீசை அரும்புமுன் அவன் கற்ற கல்வி அதுவே. அதற்குமேல் அவனுக்கு எவர் என்ன கற்பித்தார்?

இத்தனை பணத்தை நம்பி விடுவதற்கு ஈடு யாது? சாதிதான்! மேலாளும் உறவு வட்டத்துள் அடங்கியவன். கையாடினால் ஊரில் பெண் கொடுப்பாரில்லை. வேலி வலிது என்பதை மறுக்கமாட்டோம். ஆயின் அதே கடல்வழியே இரங்கூன் துறைமுகத்துக்குச் சென்ற கூலித் தமிழனுக்கு அவ்வேலிக்குள் இடமில்லை. பெண்களுக்கோ விந்தையான இடம்! ஆச்சிமார் பணம் கடையில் முதலாக வைக்கப்பட்டு வட்டியோடு வளர்ந்தது. பணம் இரங்கூன் சென்றது, ஆச்சி சென்றாளில்லை. தவணை முடியுமட்டும் கணவன் முகமும் கண்டாளில்லை.

பிறகு வந்தது 1930-இன் நெல்விலை வீழ்ச்சி. கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பிற்று. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே இவர்களிடம் இருந்தது. 1938-இல் 25 பங்கு! பயிரிட வந்தவர்களல்லர் இவர்கள், நிலத்தை விரும்பியவர்களுமல்லர். ஆயினும் தன் காட்டைத் தானே திருத்திய பர்மிய உழவன் அந்நிலத்திலேயே குத்தகையாளாக நின்றான். அவன் வெகுளியை அயலார் பொறாமை என்று எழுதிச் செல்லும் நம்மவர் நூல்களை நாம் ஏற்பதற்கில்லை.

1942-இல் சப்பானியப் படை வந்தது. ஏடுகளை விட்டுவிட்டு அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தோர் பலர். 1948, 1953 ஆண்டுகளின் சட்டங்கள் நிலத்தை அரசுடைமையாக்கின.

ஒன்று கூற மறந்திலோம். 1937-இல் எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீசு வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிடத்தும் ஒரே நாளில் கதவு திறந்தது. அது குடும்ப விலாசத்தின் பெயரில் நடந்த கடையன்று, கூட்டுப்பங்கு நிறுவனம்.