கொடுத்தவரின் ஏடும் பெற்றவரின் சொல்லும்: லிண்டன் ஜான்சன் ஆவணங்களை முன்வைத்து

ஓர் அரசியல்வாதியின் வாழ்வை ஆராய்பவர்கள் சான்றுகளை இரண்டு கூறாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். ஒரு பக்கம் ஏடு: கடிதம், தந்தி, குறிப்பாணை, கோப்பு. மறுபக்கம் வாய்மொழி: நேர்காணல், நினைவுகூரல், ஒலிப்பதிவு. ஏடு உறுதியானது, நினைவு பிசகக்கூடியது. ஆகவே ஏட்டைக் கொண்டு வாய்மொழியைத் திருத்த வேண்டும் என்பது இந்தப் பிரிவினையின் உள்ளே இருக்கும் எண்ணம். அமெரிக்காவின் 36ஆம் குடியரசுத் தலைவர் லிண்டன் பி. ஜான்சன் தொடர்பான சான்றுகளை இந்த எண்ணத்தோடு அணுகினால் தவறான இடத்தில் கோடு கிழித்தவர்கள் ஆவோம். அதிகாரத்தைக் கையாண்டவர் விட்டுச் சென்ற சான்று, அந்த அதிகாரம் யார் மீது செயல்பட்டதோ அவர்களின் சான்று என்று பிரிப்பதே பொருத்தம். முதல் வகையில் ஏடும் உண்டு, வாய்மொழியும் உண்டு. இரண்டும் ஒரே வட்டத்திலிருந்து வரும்போது ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிப்பதால் கிடைக்கும் பயன் குறைவு.

ஜான்சனைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. அவரைப் பற்றிய சான்றுகளில் அளவுக்குக் குறைவில்லை. 1937இல் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தவர், 1949இல் செனட்டர், 1955 முதல் அங்கே பெரும்பான்மைக் கட்சித் தலைவர், 1961இல் துணைத் தலைவர், 1963 நவம்பரில் கென்னடி கொலையுண்டபின் குடியரசுத் தலைவர். இந்த 32 ஆண்டுகளின் தாள்கள் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில், பல்கலைக்கழக வளாகத்தில் 1971 மே 22 அன்று திறக்கப்பட்ட அவரது நூலகத்தில் உள்ளன. ஏறத்தாழ நாலரைக் கோடிப் பக்கங்கள். மாடி மாடியாக அடுக்கிய சிவப்புப் பெட்டிகள் கண்ணாடிக்குப் பின்னால் பார்வையாளர் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு, அவருடன் பணியாற்றியவர்களிடமும் பழகியவர்களிடமும் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாய்மொழி நேர்காணல்கள். வெள்ளை மாளிகைத் தொலைபேசி உரையாடல்களின் ஏறத்தாழ 643 மணி நேர ஒலிப்பதிவு. மனைவி லேடி பேர்டு அந்த ஆண்டுகளில் ஒலிநாடாவில் சொல்லி வைத்த நாட்குறிப்பு. வேறு எந்த நாட்டிலும் ஒரு தலைவரின் பொதுவாழ்வு இவ்வளவு நெருக்கமாகப் பதிவாகியிருப்பது அரிது.

ஆனால் இந்தப் பெருங்குவியலைக் கட்டியவர் யார்? நூலகம் அவர் உயிரோடிருக்கும்போதே, அவர் கண்முன் எழுந்தது. தொலைபேசிப் பதிவுகளை எடுத்துக்கொள்வோம். எந்த அழைப்பைப் பதிவு செய்வது என்பதை அவர் சைகை காட்ட, செயலாளர்கள் கருவியை இயக்கினார்கள். மறுமுனையில் பேசியவருக்குப் பெரும்பாலும் பதிவாவது தெரியாது, ஜான்சனுக்குத் தெரியும். 1964 மே 27 அன்று செனட்டர் ரிச்சர்டு ரசலிடமும் ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடமும் வியட்நாம் பற்றித் தன் தயக்கத்தை அவர் கொட்டித் தீர்த்த உரையாடல்களைக் கேட்பவர் நெகிழாமல் இருக்க முடியாது. அந்தப் போர் உயிரைக் கொடுக்கத் தகுந்ததென்று தோன்றவில்லை, வெளியேறவும் வழி தெரியவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். அந்த வேதனை பொய்யென்று நான் சொல்லவில்லை. பதிவாகிறது என்று அறிந்த ஒருவரின் வேதனை அது என்பதை மறக்கக்கூடாது என்கிறேன். 1973 ஜனவரி 22 அன்று அவர் இறந்தபின், 50 ஆண்டுகள் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு இந்த நாடாக்கள் நூலகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. கென்னடி கொலை தொடர்பான ஆவணங்களை வெளியிட 1992இல் சட்டம் வந்ததும் 1993 முதல் அவை திறக்கப்படலாயின. திறக்கும் நாளைக்கூட ஜான்சன் தரப்பே தீர்மானிக்க விரும்பியது என்பதும் அந்தச் சான்றின் ஒரு பகுதிதான்.

இனி எதிர்த்திசையில் நின்று பார்ப்போம். ஏடே அதிகாரத்தைக் காட்டிக்கொடுத்த இடமும் இந்தச் சேகரிப்பில் உண்டு. 1940 அக்டோபர் வரை ஜான்சன் பெயர் வெளியே தெரியாத இளம் உறுப்பினர். மூத்தவர்களிடம் நேரம் கேட்டுக் கடிதம் எழுதுகிறவர். நவம்பர் 5 தேர்தல் முடிந்தபின் மூத்தவர்கள் இவரிடம் நேரம் கேட்டு எழுதுகிறார்கள். இடையில் என்ன நடந்தது? அவரது வாழ்க்கை வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிவரும் ராபர்ட் காரோ, கடிதங்களில் இந்தத் தொனி மாற்றத்தைக் கண்டு, ரூஸ்வெல்ட் காலத்துச் சூத்திரதாரியான தாமஸ் கார்கரனிடம் கேட்டார். பணம் என்றார் கார்கரன். ஆனால் எழுத்தில் எதுவும் கிடைக்காது, ஜான்சன் அதை எழுதி வைத்திருக்க மாட்டார் என்றும் சேர்த்துச் சொன்னார். காரோ பெட்டிகளுக்குத் திரும்பினார். டெக்சஸ் கட்டுமான நிறுவனமான பிரவுன் அண்டு ரூட்டின் ஜார்ஜ் பிரவுன் 1940 அக்டோபர் 19 தேதியிட்டு அனுப்பிய தந்தி கிடைத்தது. ஆறு பேர் காசோலை அனுப்பிவிட்டார்களா என்பது பற்றிய செய்தி அது. தலைக்கு 5,000 டாலர், சட்டம் அனுமதித்த உச்சவரம்பு. கூடவே, நிதி கேட்ட காங்கிரஸ் வேட்பாளர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், இடது ஓரத்தில், ஜான்சன் கைப்பட எழுதிய குறிப்பு: இவருக்கு இவ்வளவு, இவருக்கு ஒன்றுமில்லை.

ஏடு நினைவைத் திருத்திய கதையாக மட்டும் இதை வாசிப்பது போதாது. கார்கரன் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டியில் எதைத் தேடுவது என்பதே தெரிந்திருக்காது. ஆனால் இங்கே ஏடும் வாய்மொழியும் ஒரே பக்கத்து ஆட்களுடையவை: பணம் கொடுத்தவர், பங்கிட்டவர், அதை அறிந்தவர். அவர்களுக்குள் நடந்தது நமக்குத் தெரியவருகிறது. இதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் அந்த அறையைவிட்டு நாம் வெளியே வரவில்லை.

குடும்பத்து வாய்மொழியும் அப்படித்தான். தம்பி சாம் ஹூஸ்டன் ஜான்சன் சொன்ன இளமைக் கதைகள் பல ஆண்டுகள் எல்லாரும் சொன்ன கதைகளாகவே இருந்தன, ஏனெனில் அவற்றை முதலில் சொல்லிப் பரப்பியவர் அண்ணன்தான். ஜான்சன் சிட்டியில் அவர்கள் வளர்ந்த வீட்டின் உணவு மேசையில், சிறுவயதில் அவர் உட்கார்ந்த இடத்திலேயே தம்பியை உட்காரவைத்துக் காரோ கேட்டபோதுதான் தந்தைக்கும் மகனுக்கும் நடந்த கசப்பான சண்டைகள் வேறுவிதமாக வெளிவந்தன. 1948 செனட் தேர்தலின் கதை இன்னும் சுருக்கமானது. பத்து லட்சத்தை நெருங்கிய வாக்குகளில் 87 வித்தியாசத்தில் ஜான்சன் வென்றதாக அறிவிக்கப்பட்ட அந்தக் கட்சி உள்தேர்தலில், ஆலிஸ் என்னும் ஊரின் 13ஆம் எண் பெட்டியில் நாட்கள் கழித்துச் சேர்ந்த ஏறத்தாழ 200 வாக்குகளே முடிவை மாற்றின. நீதிமன்றப் படியேறிய தாள்கள் உண்மையைச் சொல்லவில்லை. அந்தச் சாவடியின் தேர்தல் நடுவர் லூயிஸ் சாலஸ் 1977இல், ஜான்சன் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், மோசடி நடந்ததென்று செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். ஏட்டைப் பொய்யாக்கியவரே வாய்மொழியால் அதைக் கலைத்தார்.

நான் சொல்லும் வேறுபாடு முழுமையாகத் தெரிவது டெக்சஸ் மலைநாட்டு மின்சார விஷயத்தில். ஜான்சன் தன் தொகுதியின் பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவந்தது அவருடைய தொடக்க காலச் சாதனைகளில் தலையாயது. ஒரு மைலுக்கு இத்தனை வீடு இருந்தால்தான் கம்பி இழுப்போம் என்ற விதியைத் தளர்த்த அவர் ரூஸ்வெல்ட் வரை போனதும், பெடர்னலேஸ் மின் கூட்டுறவுச் சங்கத்துக்கு 1938இல் கடன் கிடைத்ததும், 1939இல் விளக்கெரிந்ததும் கோப்பில் இருக்கின்றன. கோப்பு சொல்வது அவ்வளவுதான்: இத்தனை டாலர், இத்தனை மைல் கம்பி. காரோவும் அவர் மனைவி ஐனாவும் அந்த மலைநாட்டில் போய்க் குடியிருந்து, முதுமையடைந்துவிட்ட பண்ணைப் பெண்களிடம் பேசினார்கள். கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் இறைத்துச் சுமந்ததையும், அதனால் இளம்வயதிலேயே தோள் கூனிப்போனதையும், கொளுத்தும் கோடையில் விறகடுப்பில் காய்ச்சிய கனத்த இரும்பால் துணி தேய்த்ததையும் அவர்கள் சொன்னார்கள். ஒருவர் அந்தப் பழைய வாளியை எடுத்து வந்து, இதைத் தூக்கிப் பாருங்கள் என்று கொடுத்திருக்கிறார். 1982இல் வந்த முதல் தொகுதியில் இதற்கென அமைந்த இயலைப் படித்தபின், அந்தக் கடன் கோப்பின் எண்கள் பழைய எண்களாக இருப்பதில்லை. அதிகாரம் நல்லது செய்ததென்றால் எவ்வளவு நல்லது என்பதை அளக்கும் கோல் பெற்றவரின் உடம்பில் இருக்கிறது. இதே மனிதரின் தேர்தல் மோசடியை எழுதிய ஆசிரியரே இதையும் எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. பெற்றவரிடம் கேட்பது தலைவரைக் குறைப்பதற்காக அல்ல. அவர் செயலின் எடை தெரிவதற்காக.

இந்தக் கோலோடு அடுத்துப் போக வேண்டிய இடம் நம் நாடு. 1964–65இல் 8.9 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் 1965–66இல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அடுத்த ஆண்டும் மழை பொய்த்துப் பீகார் வாடியது. அமெரிக்கா 1954இல் இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்படி கோதுமை வந்துகொண்டிருந்தது. 1965 முதல் ஜான்சன் அதை நீண்டகால ஒப்பந்தமாகத் தராமல், சிறுசிறு தவணைகளாக, ஒவ்வொன்றுக்கும் தானே ஒப்புதல் அளித்து அனுப்பலானார். கயிற்றைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்ட கொள்கை. இந்தியா வேளாண்மையில் தன் காலில் நிற்க வேண்டும், மற்ற பணக்கார நாடுகளும் சுமையைப் பகிர வேண்டும் என்பதே நோக்கம் என்று 1971இல் வெளியான தன் நினைவு நூலில் இதற்கென்றே ஓர் இயல் ஒதுக்கி விளக்கினார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் அந்தக் கயிற்றை இறுக்கியது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. கொள்கை மட்டுமே காரணமென்றால் கப்பல்களை ஒவ்வொன்றாகக் குடியரசுத் தலைவரே எண்ண வேண்டியதில்லை.

ஆஸ்டினில் இதற்கான சான்று ஏராளம். இந்தியப் பஞ்சம் என்றே தலைப்பிட்டு, 1966 ஆகஸ்ட் முதல் 1967 பிப்ரவரி வரையிலான தாள்களைத் தேசியப் பாதுகாப்புக் குழு தனித் தொகுப்பாக்கி வைத்திருக்கிறது. வேளாண் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனின் நேர்காணல் உண்டு. தில்லியில் தூதராக இருந்து, தானியத்தை விரைந்து அனுப்பும்படி மன்றாடிய செஸ்டர் போல்ஸின் நேர்காணலும் உண்டு. இருவரும் எதிரெதிர் நிலையில் நின்றவர்கள். ஆகவே சமநிலை கிடைத்துவிட்டது என்று ஆய்வாளர் நிம்மதி அடையக்கூடும். அங்கேதான் பிழை. இருவரும் கப்பல் புறப்படும் கரையில் நின்றவர்கள்.

இந்தியத் தரப்பின் சான்று என்று நாம் எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அதே வகைதான். அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்தவர், 1965 நவம்பரில் ரோமில் ஃப்ரீமனோடு உடன்பாடு செய்துகொண்டார். உரம், வீரிய விதை, விலை உத்தரவாதம் ஆகியவை கொண்ட வேளாண் மாற்றத்துக்கு அந்த உடன்பாடு உறுதியளித்தது. 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்குமதியானது. இந்த மாற்றம் ஜான்சனின் அழுத்தத்தால் வந்ததா, அமைச்சர் முன்பே வகுத்துவைத்த திட்டமா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. திட்டம் அமைச்சருடையது, அழுத்தம் அமைச்சரவைக்குள் இருந்த எதிர்ப்பை அடக்க அவருக்கு உதவியது என்பதே என் கணிப்பு. ஆயினும் இது இரண்டு ஆட்சியாளர்களுக்கு இடையிலான பங்குப் பிரிவினை. அந்த அமைச்சர் 1967 தேர்தலில் தோற்றார். சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியே போயிற்று. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அந்தத் தேர்தலின் முழக்கமாக இருந்தது. இந்தி எதிர்ப்பும் பிற காரணங்களும் சேர்ந்திருந்தாலும், அரிசி இல்லாத அடுப்பு வாக்குச் சாவடி வரை வந்ததை யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த அடுப்பின் முன் நின்றவர்கள் ஆஸ்டினின் எந்தப் பெட்டியிலும் இல்லை.

அவர்கள் சொல்லக்கூடியது சிறிய செய்தி அல்ல. 1961 முதல் கேர் அமைப்பின் வழியாக அமெரிக்க உணவுப் பொருள்கள் நம் பள்ளி மதிய உணவுக்கு வந்தன. இது கப்பல் கப்பலாக எண்ணிக் கொடுத்த கோதுமையிலிருந்து வேறு வழியில், அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. கை குலுக்கும் படம் போட்ட மூட்டை, பால் பவுடர், மக்காச்சோள உப்புமா என்று அந்தத் தலைமுறையினர் இன்றும் பேசும்போது இவை கலந்தே வருகின்றன. இந்தக் கலப்பை நினைவின் பிசகு என்று ஒதுக்குவதைவிட, அதைச் சான்றாகவே கொள்ளலாம். வாஷிங்டனில் தனித்தனிக் கோப்புகளாக இருந்த கொள்கைகள் பெற்றவரின் தட்டில் ஒரே அமெரிக்காவாக விழுந்தன என்று அது காட்டுகிறது. நன்றியா, அவமானமா, வெறும் பசியா, எது மிஞ்சியது என்பதைக் கோப்பு சொல்லாது. டெக்சஸ் பெண்ணின் கூனிய தோளைப்போல இவர்களிடமும் ஓர் அளவுகோல் இருக்கிறது.

வாய்மொழி வரலாறு என்பது பெரிய மனிதர்களின் நினைவைச் சேமிக்கும் கலை என்ற எண்ணம் நம் பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றியிருக்கிறது. ஓய்வுபெற்ற அமைச்சரையும் அதிகாரியையும் பதிவு செய்கிறோம்; அது தேவைதான். ஆனால் 1966இல் பள்ளியில் தட்டேந்தி நின்றவர்கள் இன்று எழுபதை ஒட்டியவர்கள். ரேஷன் வரிசையில் நின்ற தாய்மாரில் உயிரோடிருப்பவர்கள் தொண்ணூறைத் தொடுகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்களும் அப்படியே. ஜான்சன் எந்த நாளில் எத்தனை டன்னுக்கு ஒப்புதல் அளித்தார் என்பது ஆஸ்டினில் தாள்தாளாக இருக்கிறது. அந்தத் தேதிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தந்த மாதத்தில் இங்கே துறைமுகப் பதிவேடும் மாவட்ட வழங்கல் கணக்கும் என்ன சொல்கின்றன என்று பக்கத்தில் எழுதி, பிறகு இந்த முதியவர்களிடம் போய் உட்கார்ந்து, அந்த ஆண்டு வீட்டில் என்ன சமைத்தீர்கள், யார் முதலில் சாப்பிட்டார்கள், யாருக்கு மிஞ்சவில்லை என்று கேட்க வேண்டும்.