ஒரே வராந்தா, இரண்டு கணக்கு

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஒரு பெண் வருகிறார். பாலக்கரையிலிருந்து இன்னொருவர். திருச்சி குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் வீட்டிலும் சண்டை ஓய்ந்துவிட்டது. கணவன் மனைவி மனமொத்தே பிரிய வந்திருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் இருவருக்கும் டிக்கெட் காசு கிடையாது. வித்தியாசம் வக்கீலிடம் பேச உட்காரும்போதுதான் தெரியும்.

ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கு 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். அதன் 13பி பிரிவின்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் மனுப் போடலாம். பாலக்கரைப் பெண் கிறிஸ்தவர்; அவருக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதன் 10ஏ பிரிவு இரண்டாண்டு கேட்கிறது. கிறிஸ்தவக் குடும்பத்தின் மனக்கசப்பு ஆற மட்டும் ஏன் கூடுதலாக ஓராண்டு வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரு காரணமும் இல்லை. கேரள உயர் நீதிமன்றத்துக்கும் தெரியவில்லை. 2010-லேயே அந்த இரண்டை ஒன்றாகத்தான் படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருப்பது இன்னும் இரண்டுதான்.

இந்த 10ஏ-வே 2001-ல் வந்தது. அதற்கு முன் மனமொத்த பிரிவுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. மனைவியின் நடத்தை தவறியதை நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து. மனைவிக்கோ, கணவன் அடித்ததைக் காட்டினால் மட்டும் போதாது, அவனுக்கு இன்னொருத்தியோடு தொடர்பு இருந்ததையும் காட்ட வேண்டும். காட்டி, திருச்சி ஜில்லா ஜட்ஜ் தீர்ப்பெழுதினாலும் முடியாது. உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அதை உறுதிசெய்ய வேண்டும். பாலக்கரைப் பெண்ணின் அம்மா காலத்தில் நிலைமை இதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் பாலக்கரைப் பெண்ணுக்குத்தான் நிம்மதி. கல்யாணம் நடந்தது என்பதற்குக் கோயில் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. பதிவு செய்யாமல் விட்ட பழைய இந்து கல்யாணமாக இருந்தால், "தாலி கட்டுற போட்டோ இருக்காம்மா?" என்பதில்தான் பேச்சே தொடங்கும். ஆல்பத்தையும், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துவர வேண்டும். தமிழ்நாட்டில் எல்லா மதத்துக் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 2009-ல்தான் வந்தது.

தீர்ப்பு கைக்கு வந்ததும் ஸ்ரீரங்கத்துப் பெண்ணின் அலைச்சல் ஏறக்குறைய முடிந்துவிடும். மற்றவர் கத்தோலிக்கராக இருந்து, மறுபடி சகாயமாதா கோயிலில் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டால், நீதிமன்றத் தீர்ப்பு அங்கே செல்லாது. மறைமாவட்டத் தீர்ப்பாயம் பழைய திருமணத்தையே செல்லாததாக்க வேண்டும். அங்கே வாங்கும் தாளோ நீதிமன்றத்தில் செல்லாது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு பிரிவுக்கு இரண்டு வாசல், இரண்டு தாள்.

திருச்சபை தன் விதியைத் தன் ஆட்களுக்கு வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. அரசு எழுதிய சட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. திருமணமும் விவாகரத்தும் பொதுப் பட்டியலில் இருப்பவை. 1967-ல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ-வைச் சேர்த்து, அதுவரை நடந்திருந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 10ஏ-வையும் அதே கோட்டை திருத்தலாம். மாற்ற வேண்டியது ஒரு சொல்.