சிப்பி ஆம்லெட்

சிப்பி ஆம்லெட் என்பது சிறு கடற்சிப்பிகளின் சதை, முட்டை, மாவுக் கரைசல் ஆகியவற்றைச் சேர்த்துப் பொரிக்கும் சீன உணவாகும். புஜியான் மாகாணத்தின் தென்பகுதியும் அதனை அடுத்த குவாங்டொங் மாகாணத்தின் சாவோசூ பகுதியும் இதன் தாயகம். அங்கிருந்து குடிபெயர்ந்தோர் வழியாகத் தைவானுக்கும் தென்கிழக்காசியாவிற்கும் பரவியது. ஹொக்கியன் மொழியில் "ஓ சியன்" என்றும் தியோச்சூ மொழியில் "ஓ லுவா" என்றும் வழங்கப்படுகிறது. இரண்டிலும் "ஓ" என்பது சிப்பியைக் குறிக்கும்.

மாவின் பங்கு

பெயரில் ஆம்லெட் இருந்தாலும் இவ்வுணவின் தன்மையைத் தீர்மானிப்பது மாவே. பொதுவாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவு பயன்படுகிறது. நீரில் கரைத்துச் சூடான கல்லில் ஊற்றும்போது மாவுமணிகள் நீரை உறிஞ்சிப் பெருத்து, கண்ணாடி போன்ற இழுபடும் கூழாகின்றன. சிப்பியிலிருந்து வெளியேறும் நீரும் இதில் தங்கிவிடுகிறது. மாவைக் குறைத்து எண்ணெயைக் கூட்டினால் மொறுமொறுப்பு மிகும். வட்டார வேறுபாடுகள் பெரும்பாலும் இதனாலேயே ஏற்படுகின்றன.

தோற்றம்

1661இல் தைவானில் ஒல்லாந்தரை முற்றுகையிட்ட செங் செங்கொங்கின் படையினர், அரிசி கிடைக்காமல் சிப்பியையும் கிழங்கு மாவையும் சேர்த்துச் சமைத்தனர் என்பது தைவானில் வழங்கும் கதை. ஆனால் இதே உணவு புஜியானிலும் சாவோசூவிலும் இருப்பதால், குடியேறியோருடன் வந்தது எனக் கொள்வதே பொருத்தம். சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். புஜியானை அடைந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். எனவே இன்றைய வடிவம் அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

வட்டார வகைகள்

தைவானில் கூழ்த்தன்மை மிகுதி. கீரை சேர்த்து, இனிப்பும் புளிப்பும் கலந்த செந்நிறக் குழம்பை மேலே ஊற்றித் தருவர். இரவுச் சந்தைகளில் பெயர்பெற்றது. ஜியாயி மாவட்டத்தின் தொங்ஷி போன்ற கடலோர ஊர்களில் வளர்க்கப்படும் சிறு சிப்பிகளே இதற்கு ஏற்றவை.

சாவோசூவில் பன்றிக்கொழுப்பில் மொறுமொறுப்பாகப் பொரித்து, மீன்சாற்றில் தொட்டு உண்பர். பிற இடங்களிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால், அதைத் தவிர்ப்போர் கேட்டறிந்து உண்பது நல்லது.

தாய்லாந்தின் சீனர்களில் தியோச்சூ மக்களே பெரும்பான்மையினர். அங்கு இரு வகைகள் உள்ளன. "ஓ சுவான்" குழைவானது. சூடான இரும்புத் தட்டில் பரிமாறப்படும். "ஹோய் தோட்" மொறுமொறுப்பானது; இதில் பச்சை ஓடுடைய சிப்பிகளும் பயன்படும். முளைப்பயறும் மிளகாய்ச் சாறும் உடன் வரும்.

சிங்கப்பூர், மலேசியா உணவங்காடிகளில் முட்டை மிகுதி. புளிப்பான மிளகாய்ச் சாறு தொட்டுக்கொள்ளத் தரப்படும். சிங்கப்பூரில் மாவே இல்லாமல் செய்வதும் உண்டு. அதனை "ஓ நெங்", அதாவது சிப்பி முட்டை, எனத் தனிப்பெயரிட்டே கேட்பர்.